தத்திக்கு எதிர்ப்புள்ள நெல் என்றார்கள், வட்டம் வட்டமாக எரிந்துவிட்டது

கேள்வி: வரம்போரத்தான்

கைதடிப் பக்கம் எட்டுப் பரப்பு வயல் செய்கிறேன். வானம் பார்த்த கமம், காலபோகம் மட்டும்தான். மூன்று வருடத்துக்கு முன் கபில நிறத் தத்திக்கு (நம் வாயில் அறக்கொட்டி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) எதிர்ப்புள்ள இனம் என்று சொல்லி விதைநெல் தந்தார்கள். இனத்தின் பெயரைப் போட்டால் இங்கே சண்டை தொடங்கிவிடும், விடுகிறேன். முதல் இரண்டு போகமும் குறையில்லை. இந்த மார்கழியில் கதிர் பால் பிடிக்கும் நேரம், வயலின் நடுவே ஒரு பாய் விரித்த அளவு மஞ்சளித்தது. ஒரு கிழமையில் அது நாலு பாய் அளவாகி வைக்கோலாக நின்றது. அடித்தண்டை விலக்கிப் பார்த்தால் குறுணி கொட்டியது போலத் தத்திகள். இரண்டு தரம் மருந்து அடித்தேன். இரண்டாம் தரத்துக்குப் பிறகு கூடியதே தவிரக் குறையவில்லை.

வீட்டில் எடுத்து வைத்த விதையையே திரும்பத் திரும்ப விதைத்ததால் எதிர்ப்புத் தேய்ந்துவிட்டது என்கிறார் அயல்வயல்காரர். விதைக் கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். விதை விற்பவரும் பக்கத்து வயல்காரரும் ஒரே கதை சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். எதிர்ப்பு என்பது தேயுமா?

பதில்: கோண்டாவிலான்

யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று வருட விதை என்றால் கலப்பன் கட்டாயம் சேர்ந்திருக்கும். புது விதை வாங்குங்கள்.

பதில்: பழைய போதனாசிரியர்

தம்பி, கலப்பன் சேர்வது உண்மை. சூடு மிதித்த களத்தில், மெஷினுக்குள், சாக்குக்குள் வேறு நெல் கலக்கும். அதனால் மட்டும் வயல் இப்படி எரியாது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். உமது விதைக்குள் இருந்த மரபணு மூன்று வருடத்தில் சவர்க்காரக் கட்டி போலக் கரைந்து போவதற்கு வழியில்லை.

மாறுவது தத்தி. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973 இல் ஐ.ஆர். 26 என்ற இனத்தை வெளியிட்டது. தத்தியைத் தாங்கும் ஒரே ஒரு மரபணு அதில் இருந்தது. சில வருடங்களிலேயே இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதைத் தின்னத் தெரிந்த தத்திகள் பெருகிவிட்டன. வேறொரு மரபணுவோடு 1976 இல் ஐ.ஆர். 36 வந்தது. இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு: அங்கத்தைய தத்தி முதலில் ஐ.ஆர். 26 க்குத் தலைவணங்கியது, நம் பக்கத்து உறவினரோ தொடக்கம் முதலே அதை மதிக்கவில்லை. ஒரே பூச்சிதான், ஆனால் ஊருக்கு ஊர் வேறு வாய்.

நம் பக்கத் தத்தியையும் தாங்கியவை பழைய நெல்லினங்கள். கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 ஒன்று. நம் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.ஜி. 379-2 என்ற இனத்துக்கு எதிர்ப்பு அதிலிருந்தே வந்தது. மற்றொன்று இந்த நாட்டு ரத்து ஹீனட்டி. உரம் போட்டால் சரிந்து விழும் என்று நாமே கைவிட்ட நெல்லை உலகம் முழுவதும் பெற்றோராகப் பயன்படுத்துகிறார்கள். சேவையில் இருந்த காலத்தில் நானும் ‘பழைய நெல்லை விடுங்கள்’ என்று படி படியாக ஏறிச் சொன்னவன்தான்.

மருந்துக்கு வருகிறேன். தத்தி முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது, மருந்து அங்கே போகாது. வெளியே திரிகிற சிலந்திகள் முதலில் சாகும். முட்டை பொரித்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க ஆளிருக்காது. இரண்டாம் தரத்துக்குப் பிறகு கூடியதன் கணக்கு அதுதான். முதல் வட்டம் கண்டபோதே முடிந்தால் தண்ணீரை வெட்டி நாலு நாள் வடிய விட்டிருக்க வேண்டும்.

இரண்டு கேள்வி. யூரியா கூடினால் தத்திக்குக் கொண்டாட்டம், எவ்வளவு எறிந்தீர்? வயல்வெளி முழுவதும் ஒரே இனமா?

பதில்: அறிவியல்நகர் மாணவி

கிளிநொச்சியில் விவசாயம் படிக்கிறேன். ஐயா சொன்ன கதை கோதுமையிலும் அப்படியே நடந்தது. நாம் கோதுமை விதைப்பதில்லை, பாணாகத்தான் காண்கிறோம். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர். 31 என்ற மரபணு, தண்டுத் துரு நோயைப் பல வருடம் அடக்கி வைத்திருந்தது. எல்லோரும் அதையே நம்பிப் பயிரிட்டார்கள். 1998 இல் உகாண்டாவில் அதை மீறிய பூஞ்சணம் தென்பட்டது. யூ.ஜி. 99 என்று பெயர் வைத்தார்கள். பிறகு கென்யா, எத்தியோப்பியா, யேமன், ஈரான் வரை போனது.

அதனால் இப்போது ஒரு பெரிய பூட்டைவிடப் பல சிறு பூட்டுகளை ஒரே இனத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். கோதுமையில் எல்.ஆர். 34 என்ற மரபணு துருவைக் கொல்லாது, மெதுவாக்கும். பூஞ்சணத்துக்கு அதைத் தாண்டும் அவசரம் குறைவு என்பதாலோ என்னவோ நீண்ட காலம் நிற்கிறது. ரத்து ஹீனட்டியின் எதிர்ப்பையும் 2015 இல் பிரித்துப் பார்த்தார்கள். அது தனி மரபணு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் அமைந்த ஒரு கூட்டம். ஐயா, அது இவ்வளவு காலம் தாங்கியதற்கு அதுவும் காரணம் இல்லையா?

பதில்: பழைய போதனாசிரியர்

காரணம்தான் பிள்ளை. நான் படித்தபோது அதை ஒன்றென்றே சொல்லித் தந்தார்கள்.

பதில்: வரம்போரத்தான்

ஐயா, யூரியா விடயத்தில் பிடிபட்டுவிட்டேன். பயிர் வெளிறிக் கிடந்தது என்று குடலைப் பருவத்தில் (கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் நேரம்) ஒரு தரம் மேலதிகமாக எறிந்தேன். கரும்பச்சையாக வந்ததைப் பார்த்து மனைவியிடம் பெருமையும் பேசினேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிவதற்காக இன்று வெளி முழுவதும் வரம்பால் நடந்தேன். ஆம், ஏறத்தாழ எல்லோரும் அதே இனம்தான். விதை தேய்ந்துவிட்டது என்ற அயல்வயல்காரரின் வயலிலும் மூன்று வட்டம். அவர் இந்த முறை விதைத்தது கடையில் வாங்கிய புது விதை.