எலுமிச்சைப்புல் எண்ணெய்ப் பவுடர் சைக்ளோனில் அப்பிக்கொள்கிறது, என்ன செய்வது?

கேள்வி (தண்டையார்பேட்டை)
லேப் ஸ்ப்ரே டிரையர் (கரைசலைச் சூடான காற்றில் தெளித்துப் பவுடராக்கும் கருவி). ஒரு கிலோ கரைசலில் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் பவுடர்) 150 கிராம், எண்ணெய் 75 கிராம், மீதி தண்ணீர். உள்ளே போகும் காற்று (இன்லெட்) 180, வெளியேறும் காற்று (அவுட்லெட்) 70 டிகிரி. காற்றிலிருந்து பவுடரைப் பிரிக்கும் சைக்ளோனின் சுவரில் பவுடர் அப்புகிறது. கிடைத்ததை வடிதாளில் அழுத்தினால் மஞ்சளாக எண்ணெய் வட்டம் விழுகிறது. இன்லெட்டை 200க்கு ஏற்றலாமா?

பதில் 1 (மாதவரம்)
ஏற்றாதீங்க சார். எண்ணெய் வட்டத்துக்குக் காரணம் எமல்ஷன் (எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை) சரியில்லாதது. மால்டோடெக்ஸ்ட்ரின் எண்ணெய்த் துளியைப் பிடித்து வைக்காது. அதற்குக் கம் அரபிக்கோ (வேலம் பிசின்) ஓ.எஸ்.ஏ. ஸ்டார்ச்சோ (எண்ணெயைப் பிடிக்கும்படி மாற்றிய ஸ்டார்ச்) வேண்டும். ஒரு கிலோவுக்குத் தண்ணீர் 650, கம் அரபிக் 140, மால்டோடெக்ஸ்ட்ரின் 140, எண்ணெய் 70 கிராம் போடுங்க. எண்ணெயைச் சுற்றி மூடும் சுவர்ப்பொருள் (கம் அரபிக், மால்டோடெக்ஸ்ட்ரின்) எண்ணெய்க்கு நாலு மடங்கு வருது. திடப்பொருள் 35 சதவீதம் இருந்தால் துளியின் மேல் சீக்கிரம் தோல் கட்டும்; அதன் வழியே தண்ணீர் வெளியேறும், வாசனை உள்ளேயே நிற்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் டி.இ. (ஸ்டார்ச் எவ்வளவு உடைந்திருக்கு என்ற அளவு) 10 பக்கம் வாங்குங்க, 20 இன்னும் ஒட்டும். கம் அரபிக்கை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊற வைங்க. பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதிவேகக் கலக்கியில் 10,000 ஆர்.பி.எம்.மில் 5 நிமிடம் அடிக்கணும், பாத்திரத்தைச் சுற்றி ஐஸ். ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்க. மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் டிரையரில் ஊற்றவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
கம் அரபிக்கை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் கெட்டுப்போகாதா?

பதில் 1
மூடி ஃப்ரிட்ஜில் வைங்க. ஊறாமல் அடித்தால் கட்டி நின்று நாசில் (கரைசலைத் தெளிக்கும் முனை) அடைக்கும்.

பதில் 2 (எண்ணூர்)
ஒட்டுவது தனிக் கோளாறு. அவுட்லெட் 70 போதாது, 85க்குக் கொண்டு வாங்க. அதுவும் கரைசலை அனுப்பும் பம்பின் வேகத்தைக் குறைத்துத்தான். இன்லெட் 170 போதும். 200 வைத்தால் துகள் உப்பி வெடித்து எண்ணெய் வெளியே வரும். நம்ம கடலோரக் காற்றையும் கணக்கில் எடுங்க: 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ காற்றில் சுமார் 21 கிராம் தண்ணீர் ஏற்கெனவே இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) இல்லாமல் ஓட்டாதீங்க. சேகரிப்புக் குடுவையைத் திறந்து வைத்தால் பவுடர் கண்ணெதிரே கட்டியாகும். சூடு தணிந்ததும் அலுமினிய ஃபாயில் பையில் போட்டு உடனே சீல்.

பதில் 3 (மணலி)
வடிதாளோடு நிறுத்தாமல் அளந்து பாருங்க. 10 கிராம் பவுடரைக் கிளெவெஞ்சரில் (தண்ணீரோடு கொதிக்க வைத்து எண்ணெயைப் பிரித்து அளக்கும் கண்ணாடிக் கருவி) 3 மணி நேரம் வடித்தால், எதுவும் இழக்காதபோது சுமார் 2.1 மி.லி. எண்ணெய் வரணும். மேற்பரப்பு எண்ணெய்க்கு 2 கிராம் பவுடர், 20 மி.லி. ஹெக்ஸேன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்), 2 நிமிடம் குலுக்கி வடிகட்டணும். ஆனால் ஹெக்ஸேனைச் சூடாக்கி ஆவியாக்கி எடை போடாதீங்க, எண்ணெயின் முக்கிய வாசனைப் பொருளான சிட்ராலும் கூடவே பறந்து அளவு குறைவாகக் காட்டும். வடிகட்டிய ஹெக்ஸேனை நேரே ஜி.சி.யில் (ஆவியாகும் பொருளைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) போடுங்க. இந்த வேலை எல்லாம் ஃப்யூம் ஹுட்டுக்குள்ளே (ஆவியை வெளியே இழுக்கும் மூடிய மேசை), பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல்.