'சீட்டிங்': ஊடுருவலா, கள்ளாட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் நடக்கும் 'சீட்டிங்'குக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக இங்கே முன்மொழியப்பட்ட 'கொந்தல்', 'ஊடுருவல்' ஆகிய இரண்டையும் ('ஹேக்கிங்'கைக் குறிப்பவை) ஏற்க எனக்கு மனமில்லை. ஆடுபவர்கள் பேச்சில் 'ஹேக்' என்றே வழங்குவதால் அவை தோன்றியிருக்கலாம். ஆனால், இந்த ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த வழங்கியையும் (சர்வர்) உடைக்க வேண்டியதில்லை.

சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் 'வால்ஹேக்' இயங்கும் விதத்தைப் பாருங்கள். எதிரி சுவருக்குப் பின்னால் நிற்கும்போதே அவருடைய இருப்பிடம் நம் கணினிக்கு வந்துவிடுவதுண்டு. அவர் வெளிப்படும் நொடியில் உருவம் தாமதமின்றித் தெரிய வேண்டும் என்பதற்காக வழங்கியே முன்கூட்டி அனுப்பிவைக்கும் தரவு அது. ஏமாற்று நிரல் அதை நினைவகத்திலிருந்து படித்துத் திரையில் வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. கண்ணாமூச்சியில் விரலிடுக்கால் பார்க்கும் அதே குற்றம்தான் இது. இழைக்கப்படுவது உடன் ஆடுபவருக்கு. 2020இல் வெளிவந்த வேலரன்ட் என்ற விளையாட்டு, எதிரி கண்ணில் படப்போகும் தறுவாய் வரை அவரது இருப்பிடத்தை இயன்றவரை அனுப்பாமல் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே பொதுச்சொல்லாகக் 'கள்ளாட்டம்' என்பதையே பரிந்துரைக்கிறேன். 'அழுகுணி ஆட்டம்' நல்ல வழக்குதான் என்றாலும் அதில் சிணுங்கலின் சாயல் தூக்கலாக இருக்கிறது. ஈழத்துப் பேச்சுவழக்கில் உள்ள 'அளாப்புதல்' விளையாட்டில் ஏமாற்றுவதையே குறிக்கும் அருமையான வினைச்சொல். அதை ஒத்த சொல்லாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவர், 'வேர்ட்.எக்ஸி' என்ற பெயரில் ஒளித்துவைத்திருந்த, குறிபார்க்க உதவும் நிரலுடன் பிடிபட்டார். அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டதோடு கலைக்கவும் பட்டது. உடன் ஆடிய மற்ற நால்வரும் அதனால் அணியை இழந்தார்கள். அவர் யாருடைய கணினியையும் ஊடுருவவில்லை. நடந்தது முழுக்க முழுக்கக் கள்ளாட்டம்.

வகைகளுக்கு வருகிறேன். தானாகக் குறிபார்த்துத் தரும் 'எய்ம்பாட்'டைத் 'தானிலக்கி' எனலாம். 'வால்ஹேக்'குக்கு, ஊடுகதிரை ஒட்டி 'ஊடுகாட்டி' பொருந்தும். 'ஸ்மர்ஃபிங்' சற்றுச் சிக்கலானது. தேர்ந்த ஆட்டக்காரர் புதிய கணக்கு தொடங்கிக் கற்றுக்குட்டிகளோடு மோதும்போது அங்கே திருட்டு நிரல் ஏதுமில்லை, ஆனாலும் நேர்மையாகப் பழக வந்தவர் நொந்துபோய் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார். 'தரமொளிப்பு' என்றால் செய்யப்படும் அநீதி சொல்லிலேயே தெரியும்.

இன்னொரு சொல்லும் நமக்கு வேண்டும், அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2010இல் வால்வ் நிறுவனத்தின் கள்ளாட்டத் தடுப்பு அமைப்பு, மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாட்டை ஆடிய ஏறத்தாழ 12,000 பேரைத் தவறுதலாகத் தடைசெய்தது. நிறுவனம் பிறகு தடையை நீக்கி, ஈடாக வேறொரு விளையாட்டை இலவசமாக வழங்கியது. குற்றமற்றவர் மேல் விழும் இத்தகைய தடைக்குப் 'பிழைத்தடை' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'பிழைத்த' என்ற எச்சத்தோடு குழம்பும் என்று கருதுவோர் மாற்றுச்சொல் தந்தால், பட்டியலை முடிக்கும் முன் சேர்த்துவிடுகிறேன்.