முடி உதிராத வேட்டை நாய் எது? தென்னாப்பிரிக்காவில் வாழும் எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு

தம்பி, மாலை 6.10
அனைவருக்கும் வணக்கம். வரும் குளிர்காலத்தில் மாமாவுடன் மிட்லண்ட்ஸ் பக்கம் கவுதாரி, கினிக்கோழி வேட்டைக்குப் போகவும், மற்ற நாள்களில் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பாதைகளில் கூட நடக்கவும் ஒரு நாய் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதை வெளியே கட்டிப்போட எனக்கு மனமில்லை, வீட்டுக்குள்தான் வளரும். ஆகவே முடி அதிகம் உதிராத இனமாக இருக்க வேண்டும். சின்னவனுக்கு மூச்சிரைப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு விளம்பரத்தில், பூடிலும் லாப்ரடாரும் கலந்த லாப்ரடூடில் குட்டிகளைப் பார்த்தேன். இந்த இனம் ஒவ்வாமையே தராது என்று போட்டிருக்கிறார்கள்.

தம்பி மனைவி, மாலை 6.18
நாய் வருவதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா வீட்டு லாப்ரடார் ஒரு மாலை வந்து போனதற்கே, சோபாவின் தையல் இடுக்குகளில் குத்தி நின்ற முடியை ஊசியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. தினமும் அப்படி என்றால் என்னால் ஆகாது.

பெரியப்பா, மாலை 6.25
மருமகளே, அது இளவேனிலில் முடி கொட்டும் நேரம். அதற்காக என் நாயை இப்படிக் குழுவில் வைத்துக் குறை சொல்லலாமா? தம்பி, குட்டை முடி நாய் எடுத்தால் தொல்லை தீர்ந்துவிடும். ரிட்ஜ்பேக் எடு, இந்த மண்ணின் நாய். தமிழ்நாட்டில் நான் பார்த்த சிப்பிப்பாறை நாயும் முயலுக்குப் பின்னால் அம்பு மாதிரி போகிறது. அதன் உடம்பில் முடி இருப்பதே தெரியாது.

நான், மாலை 6.41
பெரியப்பா, முடி குட்டையாக இருப்பதற்கும் உதிராமல் இருப்பதற்கும் தொடர்பு கிடையாது. லாப்ரடாரின் முடியும் குட்டைதானே? ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம், விழும் காலம் என்று உண்டு. குட்டை முடி நாய்களுக்கு வளரும் காலம் குறைவு. சீக்கிரம் ஓய்ந்து சீக்கிரம் விழுந்துவிடும். பூடிலின் முடி நம் தலைமுடி போல வெட்டும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், விழுகிற கொஞ்சமும் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பூடில் வீட்டில் தரை சுத்தமாக இருக்கிறது, சீவாமல் விட்ட பூடிலின் உடம்போ சிக்குப் பிடித்துக் கம்பளமாகிவிடுகிறது. எங்கள் கால்நடை கிளினிக்கில் அப்படி வரும் நாய்களைச் சிரைத்துவிடுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

ஆனால் தம்பி, நீ இரண்டு கவலைகளை ஒன்றாகக் கட்டிவிட்டாய். முடி உதிர்வது வேறு, ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்கள் நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து விழும் செதிலிலும், சிறுநீரிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வாமை தராதவை என்று விற்கப்படும் நாய்கள் உள்ள வீடுகளின் தூசியையும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளின் தூசியையும் 2011இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் புரதத்தின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. 2012இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் பூடில், லாப்ரடூடில் போன்றவற்றின் முடியில் அது மற்ற நாய்களின் முடியில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடிலின் கதையே இதற்குச் சாட்சி. கணவருக்கு ஒவ்வாமை உள்ள, பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும் என்பதற்காக ஆஸ்திரேலியாவில் 1989இல் பூடிலையும் லாப்ரடாரையும் சேர்த்தார்கள். அந்த ஈற்றில் பிறந்த 3 குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

தம்பி, மாலை 6.50
அப்படியானால் விளம்பரத்தில் இருப்பது பொய்யா, அக்கா?

நான், மாலை 6.52
அவர்களுடைய குட்டி உன் மகனுக்கு ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். பார்க்காமலே உறுதி சொல்பவரிடம் பணம் கொடுக்காதே.

ஹோவிக் மாமா, இரவு 7.15
இப்போதுதான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். வேட்டைக்கு வருகிற நாயைப் பற்றி வேட்டையிலிருந்து தொடங்கிப் பேசலாமே. கவுதாரி பறப்பதற்கு முன் புல்லுக்குள் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அதை மோப்பத்தால் கண்டுபிடித்து, ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்று காட்டும் நாய் நமக்கு வேண்டும். சுட்ட பறவையை மெல்லாமல் கவ்விக்கொண்டும் வர வேண்டும். ரிட்ஜ்பேக்கும் சிப்பிப்பாறையும் நல்ல நாய்கள்தான், ஆனால் கண்டதைத் துரத்துவதற்குப் பிறந்தவை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், காங்கோவின் பசெஞ்சி நாய் முடியும் அதிகம் கொட்டாது, குரைக்கவும் குரைக்காது, கூப்பிட்டால் திரும்பியும் வராது.

பெரிய பூடிலைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். அது ஜெர்மனியில் வாத்து வேட்டைக்கு நீரில் இறங்கிய நாய். இப்போது அலங்காரமாகத் தெரியும் அந்த முடிவெட்டுகூட, நீந்துவதற்கு எளிதாக உடம்பைச் சிரைத்துவிட்டு, குளிர் தாக்காமல் மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டதில் தொடங்கியது. அணைக்கட்டுகளில் வாத்து மட்டும் போதும் என்றால் நான் அதையே சொல்வேன். மேட்டு நிலத்தில் நின்று காட்டும் வேலைக்குக் கம்பி முடி நாய்கள்தான் சரி, அதாவது கம்பி போல விறைத்த முடி உள்ளவை. கொர்தால்ஸ் என்ற டச்சுக்காரர் 1870களில் உருவாக்கத் தொடங்கிய கிரிஃபான் ஒன்று. வேட்டைக்காரனை விட்டு அதிக தூரம் போகாது, நடந்து வேட்டையாடுபவருக்கு ஏற்றது. 1881 வாக்கில் ஜெர்மனியில் பூடிலையும், நின்று காட்டும் நாயான பாயிண்டரையும் சேர்த்து உருவாக்கிய பூடல்பாயிண்டர் இன்னொன்று. ஆனால் நம் பக்கம் தேடினால் கிடைப்பது ஜெர்மன் வயர்ஹேர்ட் பாயிண்டர். என்னிடம் இருப்பதும் அதுதான். உதிரவே உதிராது என்று நான் சொல்ல மாட்டேன். லாப்ரடாரோடு பார்த்தால் மிகக் குறைவு.

தம்பி மனைவி, இரவு 7.24
குறைவாக உதிர்வதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த வேலை கடைசியில் யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

ஹோவிக் மாமா, இரவு 7.40
நியாயமான கேள்வி, அம்மா. கம்பி முடி செத்த பிறகும் தானாக விழாமல் தோலிலேயே நிற்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை அதைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். முதுகில் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாலைந்து முடியைப் பிடித்து, அது வளர்ந்த திசையிலேயே இழுத்தால் செத்த முடி நோகாமல் வந்துவிடும், அடியில் புதிய முடி கறுப்பாகத் தெரியும். கத்தரியோ மெஷினோ போட்டால் முடி மெத்தென்று மாறி, நிறம் வெளுத்து, முள்ளையும் ஈரத்தையும் தடுக்கும் குணம் போய்விடும். வேட்டை முடிந்த மாலையில் இன்னொரு வேலையும் உண்டு. பிளாக்ஜாக் என்ற களைச்செடியின் விதைகள் தாடியிலும் அக்குளிலும் கால்விரல் இடுக்கிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அவற்றைச் சீப்பால் எடுக்காமல் காரில் ஏற்றினால் இருக்கை முழுவதும் விதைதான். இன்னொன்று, தாடி வைத்த நாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சமையலறையைக் கடந்தால், அது போன பாதை தரையில் சொட்டுச் சொட்டாகத் தெரியும்.

இத்தனையும் தம்பியின் வேலை என்று இங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, இரவு 7.43
எழுதிக்கொள்ளட்டும். ஒப்புக்கொள்கிறேன்.

நான், இரவு 7.58
மாமா சொன்ன தாடியிலேயே குட்டியைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இருக்கிறது. தாடி, மீசை, புருவம் வளரச் செய்யும் மரபணுவை 2009இல் அடையாளம் கண்டார்கள். முடி குறைவாக உதிர்வதும் அதே மரபணுவோடு சேர்ந்து வருகிறது. அது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலே தாடி முளைத்துவிடும். தாடி தராத வடிவமும் அதே நாய்க்குள் மறைந்திருக்கலாம். அதனால் தாய்க்கும் தந்தைக்கும் தாடி இருந்தும், அதே ஈற்றில் வழவழ முகத்தோடு ஒரு குட்டி பிறக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீடெல்லாம் முடி கொட்டப்போவதும் அதுதான். குட்டியின் மூக்கைச் சுற்றியும் புருவத்திலும் முடி சிலிர்த்து நிற்கிறதா என்று பார்.

அடர்ந்த முடிக்குள் உண்ணி கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்காதே. விரலால் தடவித் தடவித்தான் தேட வேண்டும், காதுக்குள்ளும் சேர்த்து. நம் நாட்டில் உண்ணி கடித்துப் பரவும் பிலியரி என்ற இரத்த நோய் ஒரு நாயை இரண்டு மூன்று நாள்களில் கொன்றுவிடக்கூடியது. சாப்பாட்டை மறுத்துச் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். குவாசூலு-நட்டாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது.

பெரியப்பா, இரவு 8.05
நில உரிமையாளரின் அனுமதியும் உரிமச் சீட்டும் இல்லாமல் நாயோடு எந்தப் பண்ணைக்குள்ளும் கால் வைக்காதே. கூட்டமாக நாய்களை விட்டு மான் பிடிப்பவர்களால் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்.

ஹோவிக் மாமா, இரவு 8.12
அது என் பொறுப்பு. நான் போகும் பண்ணைகளுக்கு மட்டும்தான் அவனை அழைத்துப் போவேன்.

தம்பி, இரவு 8.20
சரி, லாப்ரடூடிலை விட்டுவிடுகிறேன். மாமாவின் நாயோடு சின்னவனைச் சில மணி நேரம் இருக்கவிட்டுப் பார்க்கலாமா?

நான், இரவு 8.26
அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரே நாளில் முடிவு கட்டாதே. சில வாரங்களுக்கு அடிக்கடி போய்வாருங்கள். அவன் நாயைத் தடவட்டும், அது அவன் கையை நக்கட்டும், அன்று இரவு மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், முதலில் அவனுடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாங்கப்போகும் குட்டியின் தாயோடும் இதேபோல இருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே இனத்திலும் அந்தப் புரதத்தின் அளவு நாய்க்கு நாய் மாறும். எல்லாம் சரியாக இருந்தாலும் அவன் படுக்கையறைக்குள் நாயை விடாதீர்கள்.

தம்பி மனைவி, இரவு 8.31
அண்ணி, மருத்துவரிடம் நாளைக்கே கேட்டுவிடுகிறேன். அவர் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஹோவிக் வருகிறோம். மாமா, முடி பிடுங்குவது எப்படி என்று அன்றைக்கே இவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஹோவிக் மாமா, இரவு 8.33
காலை பத்து மணிக்குள் வாருங்கள். அதன் முதுகு முடி இப்போது பிடுங்குகிற பதத்தில்தான் இருக்கிறது.