ஜிம் இல்லாமல் சியர்லீடிங் பிள்ளைகளுக்கு உடல் பலம் ஏற்றுவது எப்படி?

கல்லடி_ரீச்சர்:

வணக்கம். மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். வருகிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, வழமையான உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் பதிலாக சியர்லீடிங் (கோஷம் போட்டு ஆடிக்கொண்டே ஒருத்தியை மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்துவது) செய்வோம் என்று பிள்ளைகளே வந்து நின்றார்கள். கொழும்புப் பாடசாலைகளின் வீடியோ பார்த்து வந்த ஆசை. அதிபரும் சரி என்றார். கூடவே, "மூன்று தட்டுப் பிரமிட் ஒன்று வேண்டும், பிரதம விருந்தினர் எழும்பி நின்று கைதட்ட வேண்டும்" என்றும் சொல்லிவிட்டார்.

ரீமில் 16 பேர், தரம் 10 முதல் 12 வரை. ஆட்டத்தையும் கோஷத்தையும் ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டார்கள். குரல் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும். சிக்கல் தூக்குவதில்தான். இடுப்பளவுக்கு ஏற்றும்வரை நிற்கிறார்கள். தோள் மட்டத்துக்கு வந்ததும் கீழே தாங்கும் இரண்டு பேருக்கும் கை உதறத் தொடங்குகிறது. மேலே நிற்பவள் பயந்து முழங்காலை மடக்குகிறாள், அதோடு எல்லாம் சரிகிறது. அடுத்தது மூச்சு. நிகழ்ச்சி இரண்டரை நிமிடம். பாதி தாண்டியதும் முகத்தில் சிரிப்பு போய்விடுகிறது. கடைசித் தூக்கு வருவதே அதற்குப் பிறகுதான்.

ஜிம் கிடையாது. மண்டபம் சீமெந்துத் தரை, மைதானம் மாரி மழையில் சேறு. கைவசம் இருப்பது ஸ்கிப்பிங் கயிறுகளும் சில பழைய ரயர்களும். பெற்றோரில் சிலர் "பாரம் தூக்கினால் பிள்ளை வளராது" என்கிறார்கள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "தினமும் ஓட விடுங்கள்" என்ற பதில் வேண்டாம். அதை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

களுவாஞ்சி_பிசியோ:

ரீச்சர், முதலில் அந்த மூன்று தட்டை விடுங்கள். இந்த விளையாட்டு 1898இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி விதிகளே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் பிரமிட் கட்ட விடுவதில்லை. மெத்தை விரித்து, பயிற்றுநர் வைத்துச் செய்கிறவர்களுக்கே அவ்வளவுதான் என்றால், சீமெந்துத் தரையில் நாங்கள் எதற்கு மூன்றாவது தட்டுக்குப் போக வேண்டும்? அதிபரிடம் இப்படியே சொல்லுங்கள்.

கை உதறுகிறது என்றதும் எல்லோரும் புஷ் அப் கொடுப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறை காலில் இருப்பது போலத்தான் தெரிகிறது. மேலே ஏற்றும் விசை தொடையிலும் பிட்டத்திலும் இருந்து வர வேண்டும். முழங்கையை நேராக்கிப் பூட்டிப் பிடிப்பது மட்டும்தான் கையின் வேலை. கால் சரியாகத் தள்ளாவிட்டால் அந்தப் பாரமும் கைக்கு வந்துவிடும். எனவே கீழே தாங்கும் பேஸ் பிள்ளைகளுக்கு ஸ்குவாட், அதாவது குந்தி எழும்புவது. பாடசாலைப் பையைப் புத்தகத்தோடு நெஞ்சில் அணைத்துப் பிடித்து 8 தடவை, மூன்று சுற்று. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது. லேசாகிவிட்டால் புத்தகத்தைக் கூட்டுங்கள்.

பிறகு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் காய்ந்த கடல் மணலை நிரப்புங்கள், ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும். கைக்கு ஒன்று. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நிமிரும் வேகத்திலேயே போத்தலைத் தலைக்கு மேல் ஏற்ற வேண்டும். ஏற்றிய கையை இறக்காமல் மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு நடக்க வேண்டும். இந்த நடைதான் உதறலை நிறுத்தும்.

மேலே ஏறுகிறவளை "இலேசான பிள்ளை" என்று பயிற்சியில்லாமல் விட்டுவிடுவார்கள். அவள் உடம்பை இறுக்கி வைக்காவிட்டால் கீழே எவ்வளவு பலம் இருந்தும் வேலையில்லை. ஃபிளையரை, அதாவது அந்த மேலே ஏறுகிறவளை, மல்லாக்கப் படுக்கவைத்து, தோளில் இரண்டு பேர், குதிகாலில் இரண்டு பேர் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நடு உடம்பு தொய்ந்தால் அவள் இன்னும் தயாரில்லை. பிளாங்க் (முழங்கையையும் கால் விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராகப் பிடிப்பது), ஒற்றைக் காலில் நிற்பது, படுத்து இடுப்பை உயர்த்துவது, இந்த மூன்றும் அவளுக்குப் போதும்.

துள்ளி இறங்குவதையும் பாருங்கள். முழங்கால் இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று பார்த்தால் உடனே நிறுத்துங்கள். துள்ளி விளையாடும் விளையாட்டுகளில் முழங்கால் சிலுவைத் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். முதல் இரண்டு கிழமை ஒரு படி உயரத்திலிருந்து சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள்.

வளராது என்கிற பெற்றோருக்கு: கண்காணிப்போடு, ஒழுங்கான முறையில் செய்தால் வளர்ச்சி பாதிக்காது என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. வயலில் நெல்லு மூட்டைக்குக் கை கொடுத்து வளர்ந்த எங்கள் அம்மாமார் என்ன குட்டையாகவா போனார்கள்?

அக்கரைப்பற்று_கோச்:

ரீச்சர், நான் வலைப்பந்து பழக்குகிறேன். மூச்சு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். நிகழ்ச்சி இரண்டரை நிமிடம் என்றால் பயிற்சியும் அந்த அளவிலேயே இருக்க வேண்டும். 30 செக்கன் ஸ்கிப்பிங் அல்லது துள்ளல், 30 செக்கன் ஓய்வு, ஆறு தடவை. கிழமைக்கு இரண்டு நாள் போதும். பழகப் பழக ஓய்வை 20, 15 என்று குறையுங்கள். பிறகு தூக்கு எதுவும் இல்லாமல் முழு நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து இரண்டு முறை ஆட விடுங்கள், கோஷத்தோடு. கத்திக்கொண்டே துள்ளுவது வேறு வகை மூச்சு, அதைத் தனியாகப் பழக வேண்டும். களைத்த உடம்போடு புதுத் தூக்கு எதையும் பழக்க வேண்டாம். தூக்கு எப்போதும் பயிற்சியின் தொடக்கத்தில்.

உங்கள் ரீமில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் ஒன்று. இப்போது நோன்பு மாசி, பங்குனிப் பக்கம் வருகிறது, எங்கள் போட்டிக் காலமும் அதுதான். எங்கள் ரீமில் நோன்பு நாட்களில் துள்ளலை நிறுத்திவிட்டு, அசைவுகளையும் ஒழுங்கையும் மட்டும் நிழலில் பார்ப்போம். பலப் பயிற்சியைக் குறைந்த பாரத்தில் சுருக்கமாக முடிப்போம்.

அப்புறம் சாப்பாடு. காலையில் வெறும் பிளேன்ரீயோடு வந்து, பகல் இரண்டு மணிக்குப் பயிற்சிக்கு நிற்கிற பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. அவித்த பயறு, முட்டை, கச்சான், தயிர், இவையெல்லாம் எங்கள் பக்கத்தில் கிடைக்காத சாமானா? முக்கியமாக, மேலே ஏறுகிறவளிடம் "கொஞ்சம் மெலி" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. போதாத சாப்பாட்டோடு கடும் பயிற்சி செய்தால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் பலம் இழக்கும். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தாயோடு கதைத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

வெபர்_மைதானத்து_அப்பா:

வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். மைதானத்துக்கே அவர் பெயர். அது விளையாட்டு. பக்கத்தில் நின்று பொம்பொம் ஆட்டுவதற்கும் உடற்பயிற்சி அட்டவணையா? வலைப்பந்துக்கு விட்டால் மாகாண மட்டமாவது போவார்கள்.

கல்லடி_ரீச்சர்:

அண்ணா, சர்வதேச சியர் ஒன்றியத்தை ஒலிம்பிக் குழு 2021இலேயே முழுதாக அங்கீகரித்துவிட்டது. சண்டைக்கு வரவில்லை, ஒருநாள் வந்து ஒரு பிள்ளையைத் தோளளவுக்குத் தூக்கிப் பாருங்கள். வலைப்பந்து ரீமில் உள்ள ஐந்து பேர் இதிலும் இருக்கிறார்கள்.

தம்பி, கோச் அக்கா, இருவருக்கும் நன்றி. அதிபர் இறங்கி வந்தார். இரண்டு தட்டு, ஆனால் மூன்று பிரமிட் பக்கத்தில் பக்கத்தில். படம் எடுக்க அதுதான் வடிவு என்று இப்போது அவரே எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். படுக்கவைத்துத் தூக்கியும் பார்த்தோம். நான்கு ஃபிளையரில் ஒருத்திதான் தொய்யாமல் வந்தாள். மற்ற மூன்று பேரும் பலமில்லாமல் தொய்ந்தார்களா, சிரிப்பில் தொய்ந்தார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி. மெத்தை இல்லை. மண்டபத்தில் பன்பாய் கொஞ்சம் இருக்கிறது, விரிக்கலாமா? இல்லாவிட்டால் கல்லடிக் கடற்கரை மணலுக்குக் கூட்டிப் போகவா?

களுவாஞ்சி_பிசியோ:

பன்பாய் வேண்டவே வேண்டாம். சீமெந்தில் வழுக்கும், விழுந்தால் தாங்கவும் தாங்காது. மணல் துள்ளலுக்கும் ஓட்டத்துக்கும் நல்லது, தூக்குக்கு ஆகாது. பேஸ் இருவரில் ஒருத்தியின் கால் புதைந்தால் மேலே நிற்பவள் கவிழ்வாள். பக்கத்தில் கராத்தே, ஜூடோ வகுப்பு நடத்துபவர்கள் இருந்தால் அவர்களுடைய மெத்தையை இரவல் கேளுங்கள். அது வரும்வரை, அல்லது புல் காயும்வரை, இடுப்பளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பின்னால் நிற்கும் பேக் ஸ்பொட்டுக்கு ரீமிலேயே உயரமான, பதறாத பிள்ளையைப் போடுங்கள். ஃபிளையர் மேலே இருக்கும்வரை அவள் கண் எடுக்கக் கூடாது. விழுந்தால் தலையும் தோளும் தரையில் படாமல் பிடிப்பது அவள் பொறுப்பு. கோஷம் போட மறந்தாலும் பரவாயில்லை.