புதுப்பிப்பு: காட்பாடி வைஃபையில் பிரிட்ஜ் எடுக்காத கேவிஎம் மெஷின்

முன்பு கேட்டது: காட்பாடி விடுதி வைஃபையில் இருக்கும் உபுண்டு லேப்டாப்பில் கேவிஎம் (லினக்ஸுக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி) விர்ச்சுவல் மெஷினை பிரிட்ஜில் (மெஷினை நேரே அதே நெட்வொர்க்கில் சேர்க்கும் முறை) போட்டால் ஐபி வரவில்லை, மெஷினின் டிஸ்க்கை 40 ஜிபி ஆக்கியும் உள்ளே 20தான் காட்டுகிறது. இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

வைஃபை ஆக்சஸ் பாயின்ட் பொதுவாகத் தன்னிடம் இணைந்த மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டுமே ஏற்கும். பிரிட்ஜ் வழியே மெஷினின் வேறு மேக் போனால் அதைத் தள்ளிவிடும். லிப்விர்ட்டின் (கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) டிஃபால்ட் நாட் (NAT, லேப்டாப்பின் முகவரி வழியே மெஷினை வெளியே இணைப்பது) போதும்: 192.168.122 வரிசையில் ஐபி வரும், லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச்சும் (மெஷினுக்குள் நுழையும் கமாண்ட் இணைப்பு) போகும். பக்கத்து அறைக்காரரும் நேரே நுழைய வேண்டுமென்றால் லேன் கேபிளில்தான் பிரிட்ஜ்.

டிஸ்க்கை வெளியே பெரிதாக்குவது பாதி வேலைதான். மெஷினுக்குள் க்ரோபார்ட் (growpart) கமாண்டை ஓட்டிப் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும் (டிஸ்க் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், பலர் சறுக்குவது அங்கேதான்). பிறகு ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் அதை நீட்ட ரிசைஸ்2எஃப்எஸ் (resize2fs). எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் நடுவில் பிவிரிசைஸ் (pvresize), எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend). ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் நீளாது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' என்று வைக்கவே வேண்டாம். ஃப்ளஷை (டேட்டாவை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) மதிக்காது; வேலூர் வெயிலில் கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஃபைல் சிஸ்டம் கெட்டுவிடலாம்.

திரை அளவு ஜன்னலோடு மாறவில்லையா? மெஷினுக்குள் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் (spice-vdagent) தொகுப்பைப் போடுங்கள்.