காய்ச்சல் வார்டில் நிற்காமலே வந்த ஃப்ளூ

ராயபுரம் | ஸ்டாஃப் நர்ஸ்

பதினோரு வருஷமாக இந்த வேலை. காய்ச்சல் வார்டில் டியூட்டி என்றால் மிகவும் ஜாக்கிரதையாக இருப்பேன். எனக்கு ஃப்ளூ வந்தது அங்கிருந்து இல்லை.

போன ஐப்பசி, விடாத மழை. ராத்திரி இரண்டு மணிக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். பழைய ஆஸ்துமா. கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதியிருந்தார்கள். நெபுலைசர் மாஸ்க் அவர் முகத்தில் நிற்கவே இல்லை. எலாஸ்டிக் தளர்ந்து நழுவிக்கொண்டே இருந்தது. குனிந்து, கையாலேயே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். அவர் இருமிய இருமல் எல்லாம் என் முகத்துக்கு நேராக வந்தது. சாயங்காலம் மாட்டிய சர்ஜிக்கல் மாஸ்க் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிப்போயிருந்தது. மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பெரியவர் சொல்கிறார்: "பேரனுக்கு மூணு நாளா நெருப்பா கொதிக்குதும்மா. என் பக்கத்துலதான் படுத்துக்கிறான்." அட்மிஷன்போது யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. காய்ச்சல் 103. ஸ்வாப் எடுத்ததில் இன்ஃப்ளூயன்சா ஏ, ஃப்ளூவில் ஒரு வகை.

எனக்கு மனசு ஆறாதது எது தெரியுமா? காய்ச்சல் வந்த அன்று காலையில், ஜன்னல் இல்லாத உடை மாற்றும் அறையில், நாங்கள் நான்கு பேர் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரே டப்பா எலுமிச்சை சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ நம்மிடமிருந்து பரவத் தொடங்கிவிடும். அந்த வாரமே அவர்களில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். வீட்டில் அம்மாவுக்கும் வந்தது. வயது 68, சர்க்கரை வேறு. ஃப்ளூ வைரஸுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பதால் முதல் நாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அப்படியும் மூன்று வாரம் இருமினார். இருட்டில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தடுப்பூசி? முந்தைய வருஷம் போட்டது போதும் என்று விட்டுவிட்டேன். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் வருஷா வருஷம் போட வேண்டும். உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துதான் ஃப்ளூ ஏறுகிறது. அதனால் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும் என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அதில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு சூடாகலாம். அவ்வளவுதான்.

வியாசர்பாடி | ஓ.பி. சீட்டு கவுண்டர்

சிஸ்டர், வார்டுக்கு வருவதற்கு முன்னால் எல்லாரும் எங்கள் முகத்தில்தான் இருமுகிறார்கள். கண்ணாடியில் ஒரு ஓட்டை, அதில் வாயை வைத்துத்தான் பெயர், வயது சொல்வார்கள். இரண்டு மழைக்காலமாக எனக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது. இப்போது இருமிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சீட்டோடு ஒரு மாஸ்க்கும் கொடுக்கிறேன். பின்பக்க ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன், சாரல் அடித்தாலும்.

தண்டையார்பேட்டை | ஹவுஸ்கீப்பிங்

அம்மா சொல்கிறார், மகள் நான் டைப் செய்கிறேன். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை. சளி துப்பிய கிண்ணம் எடுப்பது, கட்டில் துடைப்பது, எல்லாம் அவர்தான். போன வாரம் காய்ச்சலோடு மூன்று நாள் வேலைக்குப் போனார். லீவு போட்டால் அந்த நாள் கூலி இல்லை. தடுப்பூசி போட்ட அன்று நிரந்தர ஊழியர்கள் பட்டியல் மட்டும்தான் வந்ததாம். "நான் துடைக்கிற கட்டிலு, என்னை மட்டும் பட்டியல்ல காணோம்" என்கிறார்.

ராயபுரம் | ஸ்டாஃப் நர்ஸ்

தங்கச்சி, நியாயமான கேள்வி. நோயாளி பக்கத்தில் போகிற யாராக இருந்தாலும் ஊசி போட வேண்டும், ஒப்பந்தமா நிரந்தரமா என்று வைரஸ் பார்ப்பதில்லை. எங்கள் வார்டில் கையெழுத்து வாங்கி, துப்புரவு அக்காக்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தோம். இந்த வருஷம் சேர்த்தார்கள். அங்கேயும் நர்ஸ்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போது எப்படி? மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை | ஹவுஸ்கீப்பிங்

காய்ச்சல் இல்லை அக்கா. ராத்திரியில் இருமல் மட்டும் இருக்கிறது. மனு விஷயத்தைச் சொன்னேன், எந்த சிஸ்டரிடம் கேட்கலாம் என்று யோசிக்கிறார். நாளைக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட், புடவையை மடித்து வைத்துவிட்டார்.