பாறை வெடிப்பில் ஏறக் கற்க: இண்டியன் கிரீக்கா, ஜோஷுவா ட்ரீயா?

மாடிப்படி:

வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு வருடமாக ஜிம் சுவரில் ஏறுகிறேன். பிளாஸ்டிக் பிடிகளில் 5.10 வரை பெரிய சிரமமில்லை (ஏற்றத்தின் கடின எண்; 5.7-ஐவிட 5.10 கடினம்). போன மாதம் நண்பரோடு வெளிப்பாறைக்குப் போனேன். 5.7 என்று போட்டிருந்த ஒரு வெடிப்பில் பத்தடிகூட ஏற முடியவில்லை. பிடிக்க எதுவுமே இல்லை, நேராக ஓர் இடுக்கு, அவ்வளவுதான். இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தே மூச்சு வாங்கிவிட்டது. பக்கத்தில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் கையை உள்ளே விட்டு விட்டு எடுத்து, படியேறுகிற மாதிரி போனார். மானம் போயிற்று.

முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் கிளினிக், அதாவது பயிற்சி வகுப்பு, தேடுகிறேன். கைடு ஒருவருக்கு நான்கு பேர் என்கிற மாதிரி சின்னக் குழு. இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஜோஷுவா ட்ரீ வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். யூட்டாவில் இண்டியன் கிரீக் 11, 12 மணி நேரம். அவ்வளவு தூரம் போவதில் அர்த்தம் உண்டா? உள்ளே விட்ட கை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள், ராத்திரி அந்த யோசனையிலேயே தூக்கம் போகிறது. கையுறை வாங்கவா, டேப் சுற்றவா?

கருங்குருவி:

எனக்கு 46 வயது, டென்வரில் இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு அக்டோபரில் இண்டியன் கிரீக்கில் இதே மாதிரி ஒரு கிளினிக்குக்குப் போனேன். (“கிளினிக் போறேம்மா” என்று ஊருக்குப் போனில் சொல்லிவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது.)

கை மாட்டிக்கொள்ளும் பயம் எனக்கும் இருந்தது. ஆப்பசைத்த குரங்குதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே ஆப்பே நம் கைதான். அதைப் பருக்க வைப்பதும் மெலிய வைப்பதும் நம் வசம். விரல்களை நீட்டி, கட்டைவிரல் மேலே பார்க்க, கையைத் தட்டையாக உள்ளே விட வேண்டும். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, சுண்டுவிரல் அடிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு திரண்டு எழும். விரல்நுனியும் அந்த மேடும் ஒரு சுவரைத் தள்ளும், புறங்கை எதிர்ச் சுவரைத் தள்ளும். அவ்வளவுதான், கை பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலைத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். என் கை ஒருமுறைகூட மாட்டவில்லை. மாட்ட வேண்டிய நேரத்தில் மாட்டாததுதான் பிரச்சினை.

எங்கள் கைடு முதல் நாள் காலை பத்தரை மணி வரை கயிற்றையே தொடவில்லை. தரையில் நின்றபடியே கையை விடு, பூட்டு, உடம்பைச் சாய்த்துத் தொங்கிப் பார், எடு. இப்படியே முப்பது நாற்பது முறை. எனக்கு எரிச்சல். இதற்கா ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்தேன் என்று இருந்தது. மேலிருந்து கயிறு கட்டி முதல் ஏற்றம் ஏறியபோதுதான் புரிந்தது. இருபதடி உயரத்தில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, மறு கையை உதறி ரத்தம் ஓட விட்டேன். எந்த விளிம்பையும் பிடிக்கவில்லை. முன்கையில் வலியே இல்லை.

ஆனால் உண்மையான வித்தை கையில் இல்லை, காலில். முழங்காலை வெளிப்பக்கம் மடித்துச் சாய்த்தால் பாதம் பக்கவாட்டில் திரும்பும், சுண்டுவிரல் கீழே. அப்படியே நுழைத்து, முழங்காலை நேராக நிமிர்த்த வேண்டும். பாதம் முறுக்கிக்கொண்டு பூட்டும். அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். இதை நம்புவதற்கு எனக்கு ஒரு பகல் போயிற்று. வலிக்கும். ஜிம்மில் போடும் வளைந்த மூக்குச் செருப்பு அங்கே உதவாது. விரல்கள் தட்டையாகக் கிடக்கிற, கொஞ்சம் தளர்வான, தட்டை அடி ஷூ வேண்டும். அப்புறம் மோதிரத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இடுக்கில் மோதிரம் சிக்கிக் கால் நழுவினால் விரல் தோலோடு உரியும். நான் மோதிரத்தைக் கழற்றிவிட்டு மெட்டியை மறந்துவிட்டேன். முதல் ஏற்றத்தில் பாதி தூரத்தில் இறக்கச் சொல்லிக் கத்தினேன். கைடுக்கு மெட்டி என்றால் என்ன என்று விளக்கியது தனிக் கதை.

தூரம் போகலாமா என்றால், கற்றுக்கொள்வதற்கு அங்கேதான் போக வேண்டும் என்பேன். அது விங்கேட் மணற்கல். 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல்மேடாக இருந்தது. அது பிளந்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பிளக்கும், அடியிலிருந்து நுனிவரை கிட்டத்தட்ட ஒரே அகலம். அதனால் ஒரே அசைவை ஒரே ஏற்றத்தில் ஐம்பது முறை செய்யலாம். சங்கீதத்தில் சரளி வரிசை மாதிரி. வேறெங்கும் அப்படி வாய்க்காது.

அங்கே சூப்பர்கிராக் என்று ஒன்று உண்டு. 1976-இல் ஏர்ல் விக்கின்ஸ் முதலில் ஏறினார். விழுந்தால் கயிறு தாங்க இடுக்கில் செருகும், விரிந்து சுருங்கும் கேம் கருவிகள் அப்போது கடைக்கு வரவில்லை. ரே ஜார்டின் செய்த ஃப்ரெண்ட்ஸ் என்ற கேம் விற்பனைக்கு வந்ததே 1978-இல். ஒரே அகல இடுக்கில் அறுகோண உலோகக் கட்டைகளைச் செருகிவிட்டு, அது நிற்குமா என்று தெரியாமல் அந்த மனிதர் மேலே போயிருக்கிறார். கைடு இதைச் சொன்னபோது அந்தச் சுவரடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்று, யாரும் முதலில் சொல்வதில்லை. அங்கே போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், கை அளவுதான் எல்லாம். கேம்களின் நிறத்தை வைத்தே அகலத்தைச் சொல்வார்கள். பிளாக் டயமண்ட் கம்பெனி கேம்களில் சிவப்பு 1, மஞ்சள் 2, நீலம் 3, எண் கூடக் கூட அகலம். எனக்குச் சின்னக் கை, சிவப்பு இடுக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் குழுவில் ஆறடிக்கு மேல் ஒருவர், என்னைவிட நல்ல ஏற்றக்காரர். அதே இடுக்கில் அவர் கை பாதிக்கு மேல் நுழையவில்லை, தொங்கித் தொங்கிச் சலித்துவிட்டார். மதியம் நீல அகலத்துக்கு மாறினோம். அவர் விசில் அடித்துக்கொண்டு போனார். நான் முஷ்டியை மடக்கி, குறுக்கே வைத்து, என்னென்னவோ செய்து, கால்வாசியில் இறங்கிவிட்டேன். அதனால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கை அளவைச் சொல்லி, அதற்கேற்ற ஏற்றங்கள் போடுவார்களா என்று கேளுங்கள். கைடுக்கு அமெரிக்க மலை வழிகாட்டிகள் சங்கத்தின் பயிற்சி உண்டா, அந்த நிலத்தில் தொழில் செய்ய அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டேப்பா கையுறையா? ரப்பர் முதுகு வைத்த கையுறை சுலபம். ஆனால் அது கையைத் தடிமனாக்கும், சிவப்பு இடுக்கில் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. உங்களுக்குப் பெரிய கை என்றால் டேப், இல்லையென்றால் கையுறை. எதுவானாலும் புறங்கை கொஞ்சம் கிழியும். திங்கட்கிழமை வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, “என்னடி கை இது, கரிப்பாத்திரம் தேய்ச்சியா?” என்றார்.

தண்ணீர் அங்கே கிடைக்காது, ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டராவது காரில் ஏற்றுங்கள். போனுக்குச் சிக்னல் இருக்காது. வழியில் நியூஸ்பேப்பர் ராக்கில் நிற்காமல் போகாதீர்கள். ஒரே பாறை முகத்தில் நூற்றுக்கணக்கான பழைய செதுக்கல்கள், தொடாமல் பாருங்கள். பாதையை விட்டு விலகி நடக்க வேண்டாம். கறுத்துப் பொருக்கு மாதிரி தெரியும் மண்ணில் உயிர் இருக்கிறது, ஒரு மிதி பட்டால் தேறப் பல வருடம் ஆகும்.

பனங்கொட்டை:

அக்கா சொன்னதெல்லாம் சரி, ஒன்று விட்டுப்போயிற்று. மழை. ஈர மணற்கல் வலுவிழந்துவிடும். கேம் வைத்த இடம் உடைந்து வரும், பாறையும் பாழாகும். மழை விட்டபின் ஒரு நாளாவது, பெரிய மழை என்றால் இரண்டு மூன்று நாளாவது ஏறக்கூடாது. எனக்கு இதுதான் நடந்தது. ஏப்ரலில் விடுப்பு எடுத்து, விமானம் ஏறி, இண்டியன் கிரீக்குக்குப் போகும் வழியில் இருக்கும் மோவாப் ஊர் வரை போனேன். முந்தின இரவு கொட்டித் தீர்த்தது. கைடு மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. பணம் திரும்ப வராது என்று அந்த அலுவலகத்தில் சொன்னதுதான் சரியில்லை. கட்டுவதற்கு முன் மழை வந்தால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மணல்வாசி:

அக்காவோடு பாதிதான் ஒத்துப்போவேன். முதல் முறைக்கே பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவானேன்? ஜோஷுவா ட்ரீயில் டபுள் கிராஸ் மாதிரி 5.7 கை வெடிப்புகள் இருக்கின்றன. இண்டியன் கிரீக்கில் 5.10-க்குக் கீழே தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே முதல் நாளே அடி வாங்கிக் கைவிட்டவர்களைத் தெரியும்.

ஆனால் ஜோஷுவா ட்ரீயின் பாறை தேங்காய்த் துருவி. படிகத் துகள் துருத்திக்கொண்டிருக்கும், கையை உள்ளே வைத்துக்கொண்டு திருகினால் துருவலாகத்தான் வெளியே வரும். வெடிப்பும் வாய் அகன்று உள்ளே குறுகிப் போகும், ஒவ்வோர் இடத்திலும் தேடித் தேடிப் பூட்ட வேண்டும். அங்கே பழைய ஆட்கள் போட்ட 5.7 எண்ணைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். உங்களுக்கு வந்த அவமானம் அநேகமாக அந்த வகை.

கருங்குருவி:

மணல்வாசி, அந்தத் தேடித் தேடிப் பூட்டுவதைத்தான் முதலில் வேண்டாம் என்கிறேன். அசைவே உடம்பில் பதியாதவர் எதைத் தேடுவார்? 5.10 என்பதும் கயிறு மேலே இருக்கும்போது வெறும் எண்தான். விழுந்தாலும் கயிறு உடனே தாங்கும். ஆனால் 12 மணி நேரம் ஓட்டிய கையோடு மறுநாள் காலையே வகுப்பு என்றால் நானும் ஜோஷுவா ட்ரீ என்பேன். நடுவில் ஒரு நாள் தூங்க வேண்டும்.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. இண்டியன் கிரீக், நவம்பர் முதல் வாரம், பணம் கட்டிவிட்டேன். மழை வந்தால் வேறு தேதி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். கை அளவையும் கேட்டார்கள். மஞ்சள் ஆள் நான்.

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது முறையே பூட்டியது! சாய்ந்தும் பார்த்தேன், நின்றது. மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். காலை எங்கே பழகுவது?

கருங்குருவி:

சாய்ந்தபோது ஃப்ரிட்ஜ் நகரவில்லையே? அதுவரை நல்லது. காலுக்கு வீட்டில் இடம் கிடையாது, கதவிடுக்கில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஷூவை இப்போதே வாங்கித் தினம் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு சமையலறையில் நில்லுங்கள். பாத்திரமாவது கழுவின மாதிரி இருக்கும்.